கூப்ட்டாத்தான் வருவான்

"ஆமா தலைவரே, கடிச்சான்தான். நான் இல்லன்னு சொல்லலயே. எங்க கடிச்சான்னு கேக்குறீங்க பாருங்க, ஒங்க வயசுக்கு இது கேக்குற கேள்வியா? கழுத்துல கடிச்சான். போதுமா? ஒங்க மருமகனுக்கு மணிக்கட்டுல கடிச்சா பரிவட்டம், எனக்குக் கழுத்துல கடிச்சா பஞ்சாயத்தா? என்னது? மயக்கிட்டேனா? நானா? ஊரு பூராம் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கிட்டு என்னயக் கடி, என்னயக் கடின்னு வரிசையில நின்னீங்களே, அப்ப யாரு யாரை மயக்குனது? சொல்லுங்க. இல்ல, இப்ப ஒண்ணு சொன்னீங்களே, அந்தக் கடைசி வார்த்தை, அத இன்னொருக்கா சொல்லுங்க. சேலை எடுக்க வந்த சனம் பூராம் கேக்கட்டும். ஏன் மொல்லமா சொல்றீங்க? எனக்கு மட்டும் கேக்குற மாதிரிச் சொல்றதுக்கு இது என்ன காதலா?"

வெள்ளக்கரைக் கடைத்தெருவுல உச்சி வெயில்ல, ஜவுளிக்கடைப் படியில நின்னு இப்பிடிக் கத்துனவ அறிவுக்கொடி, சுருக்கமாக் கொடி. காலனியில லோடு ஆட்டோ ஓட்டுற காத்தமுத்து மக. கவர்மெண்டு காலேஜுல எம்.ஏ. வரலாறு. அவளப் பெத்தெடுத்த ஆஸ்பத்திரியிலேயே நர்சம்மா, "இது அழுகலங்க, நம்மளத் திட்டுது"ன்னு சொல்லித்தான் கையில குடுத்துச்சுன்னு காத்தமுத்து இன்னைக்கும் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு. கல்லாவுல உக்காந்திருந்தவரு விழாக்கமிட்டித் தலைவர் திருவேங்கடம். அவரு என்ன கேட்டாரு, என்ன சொன்னாருன்னு அவளத் தவிர ஒருத்தருக்கும் கேக்கல. காலனிக்காரங்ககிட்டப் பேசுறப்ப அந்த மனுசன் ஒதட்ட மட்டும்தான் அசைப்பாரு. சத்தம் வேணும்னா அதுக்குச் செயலாளர் தவமணி இருக்காரு, தவமணி கையில மைக்கு இருக்கு, கல்யாணமோ சாவோ கொழாத்தண்ணி வராத அறிவிப்போ, தலைவரு மனசுல நெனைச்சா அது தவமணி வாயில வந்து விழுந்துரும்.

சண்டை சீராளனப் பத்தி.

சீராளன் ரத்தக்காட்டேரி. அதுல ஒளிவுமறைவு ஒண்ணும் கெடையாது. பைபாஸ் ரோடு போட்ட வருஷம், கறுப்புக் குடை ஒண்ணப் புடிச்சிக்கிட்டு, வெள்ளக்கரை நொழைவு வளைவுக்கு வெளிய வந்து நின்னான். நின்னான்னா நின்னான், வெயிலு அடிச்சுச்சு நின்னான், மழை ஊத்துச்சு நின்னான், கட்சிக்காரங்க வந்து அவன் மேலயே கொடி கட்டிட்டுப் போனாங்க, அப்பவும் நின்னான். போறவங்க வர்றவங்க யாருப்பா நீன்னு கேட்டா, "ரத்தக்காட்டேரிங்க, ரத்தம் குடிப்பேங்க, எடத்துக்காரங்க மனசாரக் கூப்ட்டாத்தான் என் காலு உள்ள வரும்ங்க"ன்னு கையைக் கட்டிக்கிட்டுச் சொன்னான். அப்பிடியாப்பா, எந்த ஊருன்னு கேட்டாங்க. இப்பத்திக்கு ஒரு ஊரும் இல்லைங்கன்னான். சரி, எந்த ஆளுகன்னு கேட்டாங்க. அதுக்குத்தான் அவன்கிட்டப் பதில் இல்ல. ரத்தம் குடிக்கிறவன் வாசல்ல நிக்கிறானேன்னு வெள்ளக்கரையில ஒருத்தரும் பயப்படல, எந்த ஆளுகன்னு தெரியாத ஒருத்தன் வாசல்ல நிக்கிறானேன்னுதான் தெருத்தெருவாக் கூடிக் கூடிப் பேசுனாய்ங்க.

அப்பறம் ஏன் கூப்ட்டாய்ங்கன்னா, ரோசம். பக்கத்தூருக்கு மெடிக்கல் காலேஜு வந்துருச்சு, அதுக்கு அடுத்த ஊருல எக்ஸ்பிரஸ் ரயிலு நிக்க ஆரம்பிச்சிருச்சு, நம்மூருக்குன்னு சொல்லிக்க என்னடா இருக்கு, இந்தக் காட்டேரியையாவது உள்ள விடுவோம், எந்த ஊருலயும் இல்லாத ஒண்ணு நம்மூருல இருக்கட்டும்னு கமிட்டி முடிவு பண்ணுச்சு. தாம்பாளத்துல வெத்தலை பாக்கு பழம் வச்சு, தலைவரு முன்னால நடக்க, தவமணி மைக்குல, "வெள்ளக்கரை ஊர் சார்பாக உங்களை வருக வருக என அழைக்கிறோம், இது உங்கள் ஊரு, எல்லா வாசலும் உங்களுக்குத் தெறந்திருக்கும்"னு சொல்ல, சீராளன் காலு லேசாச்சு. குடையை மடக்காம, செருப்பை மட்டும் கழட்டிக் கையில வச்சிக்கிட்டு உள்ள வந்தான்.

வந்தவனுக்குச் சோறு போடணுமே. திருவிழாவுல இன்னைக்கு இந்தத் தெரு மண்டகப்படி, நாளைக்கு அந்தத் தெரு மண்டகப்படின்னு சாமியை முறை வச்சு அழைக்கிற ஊரு, இவனுக்கும் அதே மாதிரி முறை வச்சுச்சு. ஒரு செவ்வாக்கெழமை மேலத்தெரு, ஒரு செவ்வாக்கெழமை வடக்குத்தெரு, அப்பறம் கடைத்தெரு, அப்பறம் புதுத்தெரு. பந்தல் உண்டு, மேளம் உண்டு, 'மண்டகப்படி உபயம்'னு பல்லு தெரியிற மாதிரிப் பிளக்ஸ் உண்டு. கையைக் குடுக்குறவருக்குத் தலையில பட்டுத்துணி சுத்திப் பரிவட்டம் கட்டுவாய்ங்க. சீராளன் குனிஞ்சு, மணிக்கட்டுல பதமாப் பல்ல வச்சு, காப்பி டம்ளருல பாதி அளவு குடிச்சுட்டு, வாயத் தொடச்சுக்கிட்டு, "அண்ணே, சீனி கூடுதலா இருக்கு, பாத்துக்கங்க"ம்பான், "பெரியப்பா, நேத்து என்ன சாப்ட்டீங்க, ஒரே எண்ணெய்"ம்பான். சனம் சிரிக்கும். ஆனா கடிபடுறதுல மொத மரியாதை யாருக்குன்னு மேலத்தெருவும் வடக்குத்தெருவும் கோர்ட்டு வரைக்கும் போச்சு. கோர்ட்டுக்குப் போனதோட விட்டாய்ங்களா, மேலத்தெரு சொன்னுச்சு, மொதல்ல குடிச்சது எங்க ரத்தம், அதனால அவன் எங்க ஆளு. வடக்குத்தெரு சொன்னுச்சு, அதிகமாக் குடிச்சது எங்க ரத்தம், அவன் எங்க ஆளு. எந்த ஆளுகன்னு தெரியாம நின்ன ஒருத்தன் ரெண்டே மழைக்குள்ள எல்லாத்துக்கும் சொந்தக்காரனா ஆயிட்டான்.

காலனிக்கு மட்டும் முறை இல்ல. காத்தமுத்தும் இன்னும் நாலு பெரிய ஆளுகளும் வருஷா வருஷம் கமிட்டிக்கு மனு குடுப்பாக, தவமணி வருஷா வருஷம் "அடுத்த தடவ பாப்போம்ப்பா"ம்பாரு. இதுல இன்னொண்ணு என்னன்னா, காலனிக்குப் போற வாய்க்கால் பாலத்துக்கிட்ட வந்தா சீராளன் காலு தன்னால நின்னுரும். பிரேக் புடிச்ச சைக்கிள் மாதிரி நிக்கும். பாலத்துக்கு அந்தப் பக்கம் பாத்துக்கிட்டே கொஞ்ச நேரம் நிப்பான், திரும்பிப் போயிருவான். அதப் பாத்துட்டுக் கடைத்தெருவுல பேசிக்கிட்டாய்ங்க, "பாத்தீங்களா, வந்தவனுக்கே தெரியுது எது வரைக்கும் போகணும்னு." நல்ல பழக்கமுள்ள பிள்ளைன்னு பேரு வாங்கிக் குடுத்துச்சு அந்தக் காலு.

பகல்ல சீராளன் காலேஜு வாசல்ல ஜெராக்ஸ் கடை வச்சிருந்தான். கடைக்கு வெயிலு வராம தார்ப்பாயி கட்டியிருப்பான். ஆதார் எடுக்குறப்பப் பொறந்த வருஷம் கேட்டதுக்கு, தாது வருஷப் பஞ்சத்துக்கு முந்தின்னு சொல்லியிருக்கான், கம்ப்யூட்டரு ஏத்துக்கல, அந்தப் பையன் அலுத்துப் போயி ஜனவரி ஒண்ணு தொண்ணூறுன்னு போட்டு அனுப்பிட்டான். அப்பிடித்தான் அவனுக்கு முப்பத்தி சொச்சம் வயசு.

கொடி அந்தக் கடைக்கு மொதமொதல்ல சண்டைக்குத்தான் போனா. காத்தமுத்து மனுவை இந்த வருஷமும் கமிட்டி ஓரங்கட்டுன மறுநாளு, வரிசையில நின்ன அம்புட்டுப் பேரையும் தள்ளிக்கிட்டுப் போயி, ஜெராக்ஸ் மிசினு மேல கையை ஊனி நின்னா.

"யோவ் காட்டேரி, எங்க தெருவுக்கு ஏன் வர மாட்டேங்குற? எங்க ரத்தம் ஒனக்குக் கசக்குமோ?"

சீராளன் பேப்பரை அடுக்குறத நிறுத்திட்டு அவளப் பாத்தான். "இத்தன வருஷத்துல இத நேரா என்கிட்டக் கேட்ட மொத ஆளு நீதான்"ன்னான்.

"பதிலச் சொல்லு."

"கூப்டலயே."

"ஊரே கூப்ட்டுச்சே, மைக்கு போட்டு. எல்லா வாசலும் தெறந்திருக்குன்னு."

"வாயி அப்பிடித்தான் சொன்னுச்சு. என் காலு வாயக் கேக்காது, கூப்ட்டவன் மனசுல எம்புட்டு தூரம் நெனச்சானோ அம்புட்டு தூரம்தான் போகும். ஊருன்னு சொன்னப்ப அவங்க மனசு வாய்க்கால்ல நின்னுருச்சு. அதான் என் காலும் அங்க நிக்கிது. நான் என்ன பண்ண?"

கொடி குனிஞ்சு அவன் காலப் பாத்தா. ரெண்டு வருஷமா வரலாற்றுப் பாடத்துல எங்க தேடியும் கெடைக்காத கோடு, ஒரு காட்டேரி குதிங்கால்ல இருந்திருக்கு. நிமிந்து, "எங்க ஆளுகளும் கூமுட்டைங்கதான், ஒன்னையக் கூப்டுறதுக்குக் கமிட்டிகிட்ட மனு குடுத்துக்கிட்டு இருந்திருக்காங்க"ன்னு சொல்லிட்டு, அவன் தார்ப்பாயத் தூக்கிவிட்டு, குடையை எடுத்து அவன் கையில திணிச்சா. "நட."

வரிசையில நின்னவங்க, எங்க ஹால்டிக்கெட்டு என்னாகுறதுன்னு கத்துனாங்க. ரெண்டு பேரும் கேக்கல. பாலத்துக்கிட்ட வந்ததும் அவன் காலு நின்னுச்சு. கொடி மட்டும் தாண்டிப் போனா, அந்தப் பக்கம் நின்னா, தாம்பாளம் இல்ல, மேளம் இல்ல, வேர்த்து வழிஞ்ச மொகத்தைத் துப்பட்டாவுல தொடச்சிக்கிட்டு, "வா"ன்னா.

அவன் வந்தான். காலனி நாயிக குரைக்கல, ஒரு பூனை மட்டும் சோம்பல் முறிச்சு எந்திரிச்சு எடம் விட்டுச்சு. கொழாயடியில நின்ன பொம்பளைக, "இந்தாடி, காட்டேரி வருது, கொடத்தத் தள்ளி வையி, இடறிக்கிறப் போறாரு"ன்னாங்க. காத்தமுத்துதான் ஆட்டோவுக்குக் கீழ படுத்து ரிப்பேர் பாத்துக்கிட்டு இருந்தவரு, தலைய மட்டும் நீட்டிப் பாத்து, மகளையும் பாத்து, "ஏத்தா, பதினோரு தடவ மனு குடுத்துருக்கேன், நீ ஒத்த வார்த்தையில கூப்ட்டு வந்துட்டியா?"ன்னாரு. அந்தக் கொரல்ல சந்தோசத்த விட வருத்தம்தான் கூட இருந்துச்சு.

அடுத்த வாரத்துலயே காலனியும் பந்தல் போடக் கெளம்பிருச்சு. நம்மளும் மேளம் வைப்போம், நம்மளும் பரிவட்டம் கட்டுவோம், அவய்ங்க பிளக்ஸ விட நம்ம பிளக்ஸ் பெருசா இருக்கணும்னு எளவட்டங்க குதிச்சாய்ங்க. கொடிதான் நடுவுல வந்து நின்னா. "அவன் ஒண்ணும் இங்க திங்க வரல. என்னயப் பாக்க வர்றான். இதுல மேளம் எதுக்கு?"

காத்தமுத்து கையில இருந்த ஸ்பானர் கீழ விழுந்துச்சு. கொடியோட அம்மா பேச்சியம்மா மட்டும், "அதான பாத்தேன், பத்து பக்கம் ஜெராக்ஸ் எடுக்கப் போனவ பொழுதுக்கும் கடையில நிக்கிறாளேன்னு"ன்னு சொல்லிட்டு, உலையைப் பாக்கப் போயிட்டா.

கடிச்சது அவ சொல்லித்தான். காலனிக்குப் பின்னாடி வேப்பமரத்தடியில, பகல்ல, குடைக்குக் கீழ. "கடிக்கிறியா?"ன்னு கேட்டா. "கூப்ட்டா"ன்னான். "கூப்டுறேன்"ன்னா. அவன் கண்ண மூடுனான், அவ மூடல, எம்புட்டுப் பெரிய காரியமா இருந்தாலும் கண்ணத் தொறந்து வச்சிக்கிட்டுப் பாக்குறவ அவ. வலி சுருக்குன்னு ஒரு எறும்பளவு, அதுக்கப்பறம் ஒடம்பு பூராம் யாரோ பேரச் சொல்லிக் கூப்ட்ட மாதிரி ஒண்ணு. ஒரு வாயி குடிச்சிட்டு அவன் நிமிந்துட்டான். இத்தன காலம் குடிச்ச ரத்தத்துலயே இதுதான் அமிர்தம்னு சொல்லப் போறான்னு கொடி காத்துக்கிட்டு இருக்க, அவன் மூஞ்சியச் சுழிச்சு, "தண்ணி மாதிரி இருக்கு புள்ள. ஒனக்கு ரத்தமே இல்ல. காலையில சாப்டுறியா, இல்லையா?"ன்னான்.

"ஆசையாப் பேசுறதுக்கு ஒனக்குத் தெரிஞ்சது இதுதானா?"

"இது ஒடம்புல தேறுற வரைக்கும் இனி நான் பல்லு வைக்க மாட்டேன்."

வைக்கல. அன்னைலருந்து தெனம் ஒரு தூக்குச் சட்டியோட பாலத்தத் தாண்டி வருவான். முருங்கக்கீரைப் பொரியலு, சுவரொட்டின்னு சொல்ற ஆட்டு மண்ணீரலு, மொளகு போட்ட ஈரல் வறுவலு. ஊருல காதலிக்கிறவய்ங்க ரோசாப்பூவும் சாக்லேட்டும் தூக்கிக்கிட்டுத் திரிய, இவன் கறிக்கடையில முந்திப்போயி நின்னு ஈரல் வாங்குனான். அவ திங்குறத முட்டியக் கட்டிக்கிட்டு உக்காந்து பாப்பான். "நீ திங்காம என்னய மட்டும் என்னத்துக்குத் திங்க வைக்கிற, ஆடு வளக்குற மாதிரி?"ன்னு வம்புக்கு இழுப்பா. "அறுக்கப் போறதில்ல, பயப்படாத. இந்த மாதிரிக் கோவப்படுற ஆளுக்கு ரத்தம் நெறைய வேணும்"பான். தாது வருஷத்துக்கு முந்திப் பொறந்து அந்தப் பஞ்சத்துச் சாவு பூராம் பாத்தவன், ஒருத்தி நல்லாத் தின்னு நல்லாத் தேறிச் சண்டைக்குப் போகணும்னு ஆசைப்பட்டான். அதுக்குப் பேரு என்னன்னு அவளுக்குத் தெரியும். கல்யாணம் பண்ணிக்கலாம்னு அவதான் சொன்னா. அவன் தூக்குச் சட்டிய மூடிக்கிட்டே, "நான் கெழடாக மாட்டேன் கொடி. நீ ஆவ"ன்னான். "ஆகிட்டுப் போறேன். கெழவியானா வாயி இன்னும் நீளும், நீதான் கேக்கணும்"ன்னா.

விஷயம் கடைத்தெருவுக்கு எட்டுனது கடைத்தெரு மண்டகப்படி அன்னைக்கு. தலைவரு மருமகன் பரிவட்டம் கட்டிக் கையை நீட்டியாச்சு, சீராளன் குனிஞ்சாச்சு, அந்த நேரம் பாத்துக் கூட்டத்துல ஒரு கொரலு, "அந்த வாயி காலனியில வச்ச வாயிய்யா!" மருமகன் கையை வெடுக்குன்னு இழுத்துக்கிட்டாரு. மேளம் நின்னுச்சு.

அன்னைக்குக் கமிட்டி போட்ட கூட்டத்த வெள்ளக்கரை இன்னும் பேசுது. மஞ்சத்தண்ணியில அவன் வாயக் கொப்புளிக்க வைக்கலாமான்னாய்ங்க. பல்ல மட்டும் புடுங்கிப் புதுப்பல்லு கட்டலாமான்னாய்ங்க. புதுத்தெருக்காரரு ஒருத்தரு நெசமாவே கார எடுத்துக்கிட்டுப் பக்கத்தூரு ஆஸ்பத்திரிக்குப் போயி, "டாக்டர், டயாலிசிஸ் பண்ணி அந்த ஒரு பொண்ணு ரத்தத்த மட்டும் தனியாப் பிரிச்சு எடுக்க முடியுமா?"ன்னு கேட்டுட்டு வந்தாரு. டாக்டரு அவருக்கே பிரஷர் பாத்து அனுப்பிச்சாரு. இது வரைக்கும் அவன் எங்க ஆளு எங்க ஆளுன்னு கோர்ட்டுக்குப் போன தெருவுக பூராம் ஒண்ணாச் சேந்துருச்சு. எங்க ரத்தம் ஓடுற ஒடம்பு, அத எப்பிடிக் காலனிப் பொண்ணுக்குக் குடுக்கிறது? ஒரு பொண்ணு காதலுக்கு ஒரு சாதி எதுத்து நிக்கும், கேள்விப்பட்டிருக்கோம். கொடி காதலுக்கு எல்லாச் சாதியும் மாப்பிள்ளையப் பெத்த அப்பன் மாதிரி ஒண்ணா எதுத்து நின்னுச்சு.

அதக் கேட்டுட்டுத்தான் அவ அன்னைக்கு ஜவுளிக்கடைப் படியேறுனது. தலைவரு ஒதட்டசைச்சு என்னென்னமோ சொல்ல, கடைசியா அவ கேட்டா, "மேலத்தெருவும் வடக்குத்தெருவும் பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்க மாட்டீங்க. ஆனா ரெண்டு தெரு ரத்தமும் அவன் ஒடம்புக்குள்ள இத்தன வருஷமா ஒரே வீட்டுல குடும்பம் நடத்திக்கிட்டு இருக்கே, ஒரு நாளாவது அவனுக்கு வயித்து வலி வந்துச்சா?" கடையில துணி எடுத்துக்கிட்டு இருந்த ஒரு பொம்பளை பொசுக்குன்னு சிரிச்சிருச்சு. அந்தச் சிரிப்ப தலைவரால தாங்க முடியல.

மறுநாள் காலையில மைக்கு கட்டுன ஆட்டோ தெருத்தெருவா வந்துச்சு. தவமணி கொரலு: "வெள்ளக்கரை ஊர் சார்பாகச் சீராளனுக்கு விடுத்த அழைப்பு இன்று முதல் திரும்பப் பெறப்படுகிறது."

சொல்லி வாய மூடல, ஜெராக்ஸ் கடையில சீராளன் காலு தன்னால எந்திரிச்சுருச்சு. மிசினுக்குள்ள பேப்பரு பாதி வெளிய வந்து நிக்கிது, வாங்க வந்த பொண்ணு கையை நீட்டிக்கிட்டு நிக்கிது, இவன் குடையை மட்டும் எட்டிப் புடிச்சிக்கிட்டுப் பின்னாடியே நடக்குறான், கடைத்தெருவப் பாத்த மொகத்தோட, முதுகு காட்டாம, கறிக்கடை, மருந்துக்கடை, பரோட்டாக்கடை எல்லாத்தையும் தாண்டிப் பின்னாடியே போறான். "பாத்துப் போப்பா, பின்னாடி மாடு நிக்கிது"ன்னு பரோட்டா மாஸ்டர் சொன்னாரு. அவ்வளவுதான் ஊரு சொன்னது. பாலத்தத் தாண்டிக் காலனி மண்ணு பட்ட பெறகுதான் அந்தக் காலு நின்னுச்சு. காலனி அவனக் கூப்ட்டது கூப்ட்டதுதான், அத எந்த மைக்காலயும் திருப்பி வாங்க முடியல.

காலனி அவனப் பட்டினி போடல. கொழாயடிப் பொம்பளைக மொதக்கொண்டு கையை நீட்டுனாங்க. பரிவட்டம் இல்லாமலே நீட்டுனாங்க. ஆனா ரிஜிஸ்டர் ஆபீஸு கடைத்தெருவுலல்ல இருக்கு. நோட்டீஸ் ஒட்டியாச்சு, நாள் குறிச்சாச்சு, மாப்பிள்ளை கையெழுத்துப் போடணும், மாப்பிள்ளை காலு ஊருக்குள்ள வராது. காத்தமுத்து ஆட்டோவுக்கு மார்க்கெட்டுல லோடு ஏத்த மாட்டேன்னுட்டாய்ங்க. மனுசன் வெறும் ஆட்டோவுல உக்காந்திருந்தாரு.

"கொடி, வேற ஊருக்குப் போயிருங்களேன் ஆத்தா"ன்னாரு. "அங்க யாராவது ஒருத்தன் கூப்ட மாட்டானா? நானே ஆட்டோவுல கொண்டு போயி விடுறேன்."

"நான் என்ன திருடிட்டா போறேன், ஊரு விட்டு ஊரு ஓட? இதாம்ப்பா என் ஊரு. என் காலேஜு இங்கதான், என் ஓட்டு இங்கதான். கல்யாணமும் இங்கதான்."

"அவன் காலு வராதே."

"வரும். நான் கூப்டப் போறேன்."

குறிச்ச நாளு காலையில, ஆபீஸு தெறக்குற நேரத்துக்கு, கொடி அரக்குக் கலரு சேலையில பாலத்தத் தாண்டி வந்தா. பின்னாடி காலனியே வந்துச்சு. பாலம் வரைக்கும் சீராளன் வந்தான், புதுச்சட்டை, அதே குடை. இந்தப் பக்கம் கமிட்டி நின்னுச்சு. ரோட்டு நடுவுல ஒரு பிளாஸ்டிக் சேரப் போட்டுத் தலைவரு உக்காந்திருந்தாரு, பக்கத்துல மைக்கோட தவமணி. டவுன் பஸ்ஸு ரெண்டு பக்கமும் நின்னுச்சு, டிரைவரு எஞ்சினை அமத்திட்டு எறங்கி வந்து நல்ல எடமாப் பாத்து நின்னுக்கிட்டாரு.

கொடி ஊருப்பக்கம் நின்னு திரும்புனா. "சீராளா, வா"ன்னா.

அவன் காலத் தூக்குனான். தூக்குன காலு இறங்கல. பின்னாடியும் போகல. பாலத்துக் கடைசியில, ரோட்டுக்கு ஒரு சாண் மேல, அப்பிடியே நின்னுச்சு. இதுவரைக்கும் அவன் காலு போயிருக்கு, இல்ல நின்னுருக்கு, இந்த மாதிரி நடுவுல தொங்குனதில்ல. கூப்ட்டவ இந்த எடத்துக்காரியா இல்லையான்னு அந்த ரோட்டுக்கே தெரியல போல.

"பாரும்மா"ன்னாரு தவமணி மைக்குல, "ஒத்தப் பொண்ணு கூப்ட்டா அது ஊரு கூப்ட்டதாகாது. தலைவரு சொல்றாரு, வீணா வம்பு வேண்டாம், திரும்பிப் போயிருங்க."

"தலைவரு எங்க சொன்னாரு? நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், அவரு வாயே தொறக்கல."

"அவரு சார்புல நான் சொல்றேன்."

"வேணாம்ண்ணே. நீங்க நெறையாச் சொல்லிட்டீங்க." அவ ரெண்டே எட்டுல போயி மைக்கப் புடுங்கிட்டா. தவமணி எட்டிப் புடிக்க வந்தாரு, பஸ்ஸு டிரைவரு, "விடுங்க சார், புள்ள பேசட்டும்"னு அவரு தோளுல கையைப் போட்டாரு. சீராளன் ஒத்தக் கால்ல நின்னான். வெயிலு ஏறிக்கிட்டு இருந்துச்சு, குடையை மீறி அவன் குதிங்கால்ல பட்டு மெல்லப் பொகைய ஆரம்பிச்சிருச்சு. வலிக்குதான்னு கண்ணாலயே கேட்டா. நீ பேசுன்னு கண்ணாலயே சொன்னான்.

கொடி தலைவருக்கு நேரா, பிளாஸ்டிக் சேருக்கு ஒரு கை தூரத்துல நின்னா. கத்தல. மைக்கு இருக்கே.

"தலைவரே, அன்னைக்கு வளைவுக்கு வெளிய நின்னு 'ஊர் சார்பாக'ன்னு இவனக் கூப்ட்டீங்க. அந்த ஊருல நாங்க இருந்தமா, இல்லையா? இருந்தோம்னு சொன்னீங்கன்னா, அவன் கூப்ட்ட வீட்டுக்குத்தான் வந்தான், கூப்ட்ட பொண்ணத்தான் கடிச்சான், ஒரு குத்தமும் இல்ல. இப்ப நான் கூப்டுறதும் ஊரு கூப்டுறதுதான், அந்தக் காலு இறங்கிரும். இல்ல, ஊருன்னா அதுல காலனி இல்லன்னு சொன்னீங்கன்னா, அதையும் சொல்லிருங்க. எங்க வரி வேணாம்னு சொல்லுங்க, எங்க ஓட்டு வேணாம்னு சொல்லுங்க, எங்கப்பன் இத்தன வருஷமா ஒங்க கடைக்கு ஏத்தி எறக்குன மூட்டையெல்லாம் ஊருக்கு வெளிய இருந்து வந்துச்சுன்னு சொல்லுங்க. ஊருலயே இல்லாதவ யாரக் கட்டிக்கிட்டா ஒங்க ஊருக்கு என்ன, எங்கள விசாரிக்க நீங்க யாருன்னு நான் அடுத்த கேள்வி கேட்டுக்கிறேன். ரெண்டுல ஒண்ணு. தவமணியண்ணன் சொல்லக் கூடாது. ஒதட்ட மட்டும் அசைக்கக் கூடாது. எனக்கு மட்டும் கேக்குற மாதிரிச் சொல்லவே கூடாது."

அவ மைக்க அவரு வாயிக்கிட்டக் கொண்டு போனா. ரெண்டு பஸ்ஸு சனமும் எட்டிப் பாத்துச்சு. மேலத்தெருவும் வடக்குத்தெருவும் காலனியும் ஒரே மாதிரிக் கழுத்த நீட்டுச்சு. பாலத்துக் கடைசியில அந்தக் காலு பொகைஞ்சிக்கிட்டே தொங்குச்சு.

"ஊருன்னா யாரு? சத்தமாச் சொல்லுங்க தலைவரே. அவன் காலத் தூக்கிக்கிட்டு நிக்கிறான்."